நிமியா போர்த்திய போர்வைகள்

ஏணியில் ஏறி நின்றுவிட்டால் நிமியா கன்யேத்தே வாய் திறக்க மாட்டாள். பக்தி ஒரு காரணம் என்றாலும் பெரிய காரணம் உதட்டுக்கு நடுவே இருக்கும் குண்டூசிகள். வில்லாரிக்காவில் எங்கள் பங்குக் கோயிலின் கர்மேல் மாதாவுக்குத் திருவிழாவின் முந்தின நாள் உடை மாற்றுவது அவள் பொறுப்பு. அவளுக்கு முன்னால் அவளுடைய அம்மா செய்தாள். சிற்பி செதுக்கியது மாதாவின் முகத்தையும் இரண்டு கைகளையும்தான். கழுத்துக்குக் கீழே வெறும் மரச்சட்டம். இதை வெளியில் சொல்லக் கூடாது என்பது சபைப் பெண்களின் எழுதாத சட்டம். ஊரில் தெரியாதவர் யாரும் இல்லை, ஆனாலும் சொல்லக் கூடாது. பாவாடை, பழுப்பு அங்கி, உத்தரியம், அதற்கு மேல் வெள்ளைப் போர்வை, கடைசியில் கிரீடம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற ஏற, மரச்சட்டம் மறைந்து பரலோக ராக்கினி வந்து நிற்பாள்.

வருஷத்தின் மற்ற நாளெல்லாம் நிமியா வெப்சைட் எழுதுகிறவள். ரொட்டிக்கடை மாடியில் ஒற்றை அறை, இரண்டு மேசை. எதிர் மேசையில் டெர்லிஸ் ஒவெலார், பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக் கணக்கு எழுதியவன். இப்போது இருவரும் பாதிப் பாதிப் பங்காளிகள். காலையில் ஒரே குடுவையில் மத்தே என்ற கசப்பிலைத் தேநீர் குடிப்பார்கள். குடித்து முடிக்குமுன் ஒரு சண்டையாவது போட்டுவிடுவார்கள்.

அவர்களுக்குச் சோறு போட்டது ஊர் கிளப்பின் வெப்சைட். அதில் உறுப்பினர் பக்கம் என்று ஒன்று. படமும் பெயரும் இருந்தால் போதும் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரைத் தெரியாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். இங்கே வெறும் பெயரைச் சொல்லி மனிதனைக் கூப்பிடுவது அவனைச் சட்டையில்லாமல் தெருவில் நிறுத்துவது மாதிரி. வக்கீலும் டாக்டர்தான், வைத்தியரும் டாக்டர்தான். நிலம் அளக்கிறவர் எஞ்சினியர். மாடு வைத்திருப்பவர் தோன். மாடு விற்றுத் தீர்ந்தாலும் தோன் போகாது. வயதான பெண்ணுக்கு முன்னால் ஞா. கணவனை இழந்த பெண்ணுக்கு, காலஞ்சென்ற இன்னாரின் மனைவி என்று பின்னால் வால் வேண்டும். உறுப்பினரே காலமாகிவிட்டால் பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை.

இத்தனையையும் டெர்லிஸ் நேராகப் பக்கத்துக்குள்ளேயே எழுதிவைத்திருந்தான். இவர் வக்கீலானால் இப்படிக் காட்டு, இல்லை மாடு வைத்திருந்தால் அப்படிக் காட்டு, பெண்ணானால், கணவன் இல்லையானால், இருந்தும் பிரிந்து போயிருந்தால் என்று நிபந்தனைக்குள் நிபந்தனை. பக்கத்தின் முதுகைத் திறந்து பார்த்தால் முள்புதர்தான். அவன் அதைச் சொந்தப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். ஒரு கிளையைத் தொட்டால் மூன்று கிளை அசையும். எஞ்சினியர் ஒருவருக்குத் தோன் சேர்க்கப் போய், உயிரோடு இருந்த தபால் அதிகாரிக்குச் சிலுவை விழுந்தது. அவர் மனைவிக்கு ரொட்டிக்கடைக்காரி மலர்வளையமே அனுப்பிவிட்டாள்.

திருவிழா இரவு கிளப்பில் நடனம் இருக்கும். பெரிய திரையில் உறுப்பினர் பக்கம் ஓடும். ஆகவே முந்தின நாள்தான் எல்லோருக்கும் தன் பெயரில் குறை கண்ணில் படும். போன வருஷம் நிமியா ஏணியில் நிற்கும்போது கைப்பேசி அடித்தது. புதர் சரிந்துவிட்டது, கிளப்பில் ஒருத்தருக்கும் பெயரே இல்லை. அவள் இறங்கி ஓடினாள். திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை மாதா பாவாடையோடு நின்றாள். வெளியே ஜனம் மெழுகுவத்தியும் கையுமாக நின்றது. பங்குச்சாமியார் ஒரே ஜெபமாலையை மூன்றாம் தடவை சொல்ல வேண்டிவந்தது.

அன்று சபைத் தலைவி ஞா எலோதியா, காலஞ்சென்ற செனோனின் மனைவி, நிமியாவைப் பீடத்துக்குப் பின்னாலிருந்த பூசை அறைக்குள் கூப்பிட்டாள். உடை அலமாரியின் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும்.

"நிமியா, நான் கோவப்படலை. எனக்குக் கோவம் வந்தா எப்பிடி இருக்கும்னு செனோனுக்குத்தான் தெரியும், அவரு மேல போயிட்டாரு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. அடுத்த வருஷம் உடுத்தி முடிக்கிறதுக்கு முன்னால ஏணிய விட்டுக் காலக் கீழ வெச்சேன்னா, சாவியும் உடுத்துற வேலையும் என் மருமக கைக்குப் போயிரும்."

"அவளுக்குத் தையலே வராதே, ஞா எலோதியா."

"வராதுதான். ஆனா அவளுக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்க."

அந்த ஏணியில் நிமியாவுக்குக் கிடைத்த நிம்மதி வேறு எங்கும் கிடைத்ததில்லை. வெப்சைட்டில் ஒரு வேலையை முடித்தால், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு, நீலம் கொஞ்சம் கூட்டு என்று நாலு பேர் வருவார்கள். மாதா ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. உடுத்தியதை உடுத்திக்கொண்டு வருஷம் முழுக்கப் பேசாமல் நிற்பாள். அப்படிப்பட்ட ஒரே வாடிக்கையாளரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

ஆகவே இந்த வருஷம், எங்களுக்குக் குளிர்காலமான ஜூன் மாதத்தில், மத்தே குடுவையைக் கைமாற்றும்போது சொன்னாள்.

"டெர்லிஸ், உன் புதர வெட்டப் போறேன்."

"எத?"

"உறுப்பினர் பக்கத்த. எல்லாத்தையும் டெக்கரேட்டருக்கு மாத்தப் போறேன்."

டெர்லிசுக்கு மத்தே புரையேறியது. "நல்லா ஓடிட்டிருக்கிறத ஏன் நோண்டுற?"

"நல்லா ஓடுதா? போன வாரம் எஞ்சினியர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். அவரு பேரு ஆம்பளையா பொம்பளையான்னு பக்கத்துக்கே சந்தேகம்."

டெக்கரேட்டர் அவள் கண்டுபிடிப்பு அல்ல. இந்தத் தொழிலில் உள்ளவர்கள் வெகுநாளாகச் செய்வதுதான். உறுப்பினர் பதிவை யாரும் தொடுவதில்லை. அதன்மேல் ஒரு போர்வை. பக்கம் வந்து "பேர் என்ன?" என்று கேட்டால் போர்வை பதில் சொல்லும்: உள்ளே இருப்பவரிடம் பெயரைக் கேட்டு வாங்கி, முன்னால் டாக்டர் என்று சேர்த்துக் கொடுக்கும். தனக்குத் தெரியாததை, பிறந்தநாள் போன்றதை, உள்ளே கேட்டு அப்படியே நீட்டிவிடும். பட்டத்துக்கு ஒரு போர்வை, கணவனை இழந்தவளுக்கு அதன்மேல் இன்னொன்று, காலமானவருக்குச் சிலுவைப் போர்வை. பக்கத்துக்கு நிபந்தனை எதுவும் தெரிய வேண்டாம். பெயரைக் கேட்க வேண்டும், வந்ததைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"அதுக்குப் பட்டத்தையெல்லாம் பதிவுக்குள்ளயே போட்டுரலாமே," என்றான் டெர்லிஸ்.

"சந்தா ரசீதுல டாக்டர் வேணுமா? கழிப்பறைச் சாவி வாங்கினவங்க பட்டியல்ல வேணுமா? ஆளு ஆளா இருக்கட்டும். எங்க காட்டுறோமோ அங்க மட்டும் உடுப்பு. மாதா மரத்துலயே யாராச்சும் போர்வையப் பெயின்ட் அடிப்பானா?"

"ஆம்பளைங்க முன்னால அந்த மரத்தப் பத்திப் பேசலாமா நீ?"

"உனக்குத் தெரியாதா என்ன? சின்ன வயசுல சாவித் துவாரம் வழியாப் பாத்து ஞா எலோதியா கிட்டக் காதுல முறுக்கு வாங்கினவன்தானே."

டெர்லிஸ் காதைத் தடவிக்கொண்டான். இன்னும் வலித்ததோ என்னவோ.

ஜூலை பிறக்குமுன் புதர் போய்விட்டது. பக்கம் துடைத்த பலகைபோல இருந்தது. உறுப்பினர்களைத் தரவுக் கிடங்கிலிருந்து எடுத்துவரும் இடத்திலேயே நிமியா போர்வைகளைப் போர்த்திவிட்டாள். பக்கத்துக்கு வரும்போதே எல்லோரும் உடுத்தித்தான் வருவார்கள். தபால் அதிகாரி உயிர் பெற்றார். டெர்லிஸ் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மறுநாள் ஒரு பெரியவருக்குப் பட்டம் மாற்ற ஒரே ஒரு இடத்தைத் தொட்டால் போதும் என்று கண்டதும், அந்த யோசனையே தன்னுடையதுதான் என்று கீழே ரொட்டிக்கடையில் சொல்ல ஆரம்பித்தான்.

திருவிழாவின் முந்தின நாள் வந்தது. தெற்கிலிருந்து வரும் பனிக்காற்று எலும்பைக் குத்தியது. நிமியா மதியமே கோயிலுக்குக் கிளம்பினாள்.

"டெர்லிஸ், ஒண்ணையும் தொடாத."

"நான் ஏன் தொடப் போறேன்?"

"உன் கை சும்மா இருக்காதுன்னுதான் சொல்றேன்."

அவள் தெருமுனை திரும்பியதும் கிளப் தலைவரும் வக்கீலுமான டாக்டர் விர்ஹிலியோ மாடிப்படி ஏறி வந்தார். நிர்வாகக் குழுவைப் பக்கத்தின் உச்சியில் பெரிய படங்களோடு தனியாகக் காட்ட வேண்டுமாம், இன்றைக்கே. டெர்லிஸ் மறுக்கத் தெரியாதவன். மேலே ஒரு பகுதி எழுதினான். எழுதும்போது அவனுக்கு ஒரு பயம். தலைவர் படத்துக்குக் கீழே பட்டம் இல்லாமல் மொட்டையாகப் பெயர் வந்துவிட்டால்? அந்த ஆபத்துக்கு இடம் கொடுக்காமல், குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அங்கேயும் போர்வைகளைப் போர்த்திவிட்டான். வேறு ஊர்க்காரன் இந்தப் பயம் பயந்திருக்க மாட்டான். எங்கள் ஊரில் பட்டம் விட்டுப்போவதைவிட விரல் விட்டுப்போவது மேல்.

கோயிலில் கதவு சாத்தியிருந்தது. நிமியா ஏணியில். கீழே ஞா எலோதியா கையில் புதுப் போர்வையோடு, இடுப்பில் சாவியோடு நின்றாள். இந்த வருஷம் போர்வை மட்டும்தான் மாற்றம். கிரீடத்தை இறக்கிவைத்துவிட்டு, பழைய போர்வையின் முதல் ஊசியைக் கழற்ற நிமியா கையைத் தூக்கிய நேரம், பூசை அறையின் வெளிக்கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"நிமியா! நிமியா! போன் ஏன் எடுக்க மாட்டேங்கிற?"

"ஆம்பளைங்க வரக் கூடாது!" என்று ஞா எலோதியா கதவை நோக்கிக் கத்தினாள்.

"வரலை, ஞா எலோதியா. வெளிய, மோட்டார் சைக்கிள்மேல உக்காந்திருக்கேன். மடியில கம்ப்யூட்டர் இருக்கு."

நிமியா ஏணியின் கீழ்ப்படியைப் பார்த்தாள். ஞா எலோதியாவும் அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமியா காலை இருந்த படியிலேயே அழுத்தி ஊன்றினாள்.

"என்ன ஆச்சுன்னு அங்கருந்தே சொல்லு," என்றாள் ஊசிகளின் ஊடே.

"எல்லாம் ரெண்டு ரெண்டா வருது!"

"எது?"

"பட்டம். டாக்டர் டாக்டர் விர்ஹிலியோ. தோன் தோன் வில்ஃப்ரீதோ. விரிசல் விட்ட மணி அடிக்கிற மாதிரி இருக்கு."

"மேல ஏதாச்சும் புதுசா எழுதினியா?"

கதவுக்கு அப்பால் மோட்டார் சைக்கிள் மட்டும் கொஞ்சம் கிறீச்சிட்டது.

"கொஞ்சம்," என்றான் டெர்லிஸ்.

"அதுல போர்த்தினியா?"

"பத்திரத்துக்குத்தான் போர்த்தினேன். ஆனா விஷயம் அது இல்ல, நிமியா. தலைவர் பாத்துட்டாரு. அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு! ஒரு டாக்டர் சட்டத்துக்கு, இன்னொண்ணு ஊருக்கு ஒழைச்சதுக்குன்னு அவரே விளக்கம் சொல்லிட்டாரு. கண்ணு கலங்கிருச்சு. தொடவே கூடாதுங்கிறாரு."

"கடவுளே."

"கேளு. மத்த வக்கீலுங்க மூணு பேரு கடை வாசல்ல நிக்கிறாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் ஒரு டாக்டர்னு. பல் வைத்தியர் ரெண்டு போதாது, மூணு வேணுங்கிறாரு. அவரு சர்டிபிகேட்ட ஃப்ரேமோட தூக்கிட்டு வந்துட்டாரு."

ஞா எலோதியாவின் முகத்தில் ஒரு எண்ணம் மெதுவாக ஊர்ந்து வந்தது. அவளும் கிளப் நிர்வாகக் குழுவில் செயலாளர்.

"டெர்லிஸ்," என்றாள். "குழுவுல எல்லாருக்கும் ரெண்டா?"

மோட்டார் சைக்கிள் மறுபடியும் கிறீச்சிட்டது.

"எனக்கு என்ன வந்திருக்கு? படி."

"ஞா எலோதியா, காத்து ஜாஸ்தியா இருக்கு, சரியாக் கேக்கலை…"

"சின்ன வயசுல உன் ஒரு காதத்தான் முறுக்கினேன். இன்னொண்ணு மிச்சம் இருக்கு. படி!"

டெர்லிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தான். "ஞா ஞா எலோதியா, காலஞ்சென்ற செனோனின் மனைவி, காலஞ்சென்ற செனோனின் மனைவி."

நிமியா மாதாவின் முகத்தைப் பார்த்தாள். மாதாவின் முகம் வழக்கம்போலத்தான் இருந்தது. சிரிப்பை அடக்கியது நிமியாதான்.

"ரெண்டு செனோனா?" என்றாள் ஞா எலோதியா. "ஒருத்தர அடக்கம் பண்ணவே எனக்குப் பாதி உசுரு போச்சு. அந்த மனுஷன் குறட்டைய நாப்பது வருஷம் கேட்டேன். இப்ப ஜனம் முன்னால பெரிய திரையில இன்னொரு செனோனக் கொண்டுவந்து நிறுத்துறீங்களா? நிமியா!"

நிமியா ஊசிகளைக் கையில் துப்பினாள். சாவி அந்தக் கிழவி இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. இறங்கினால் சாவி போகும். இறங்காவிட்டால் ஊரே பார்க்க ஞா எலோதியா இரண்டு முறை தாலி அறுத்தவளாக நிற்பாள், அப்போதும் சாவி போகும்.

"நான் இறங்க வேண்டியதில்லை, ஞா எலோதியா," என்றாள் நிதானமாக. "போன வருஷம்னா இறங்கித்தான் ஆகணும், ராத்திரி வரைக்கும் தேடணும். இப்ப அப்பிடி இல்ல. டெர்லிஸ்! அவங்க வரும்போதே உடுத்திட்டுத்தான் வர்றாங்க. நீ உடுத்தினவங்களுக்கு மேல இன்னொரு தடவ உடுத்தியிருக்க. உன் புதுப் பகுதியில போர்த்துற வரி ஒண்ணே ஒண்ணு இருக்கும். அத எடு. வேற எதையும் தொடாத."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

"தலைவர் என்னைக் கொன்னுருவாரே. எடுக்கலேன்னா கடை வாசல்ல வக்கீலுங்க கொன்னுருவாங்க. ரெண்டு டாக்டரு வந்ததுலருந்து அந்த மனுஷன் நடையே மாறிப்போச்சு, நிமியா."

ஞா எலோதியா கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து கையை வெளியே நீட்டினாள். "போனைக் குடு. விர்ஹிலியோவக் கூப்பிட்டுக் குடு."

அவள் போனை வாயருகே வைத்துப் பேசியதை நிமியா மேலிருந்து கேட்டாள்.

"விர்ஹிலியோ, நான் எலோதியா. ஆமா, பாத்தேன். அழகா இருக்குன்னு சொன்னாங்க. கேளு தம்பி, உனக்கு முதல் நன்மை கொடுத்த அன்னைக்கு மூக்கத் தொடச்சு விட்டவ நான். அப்ப உனக்கு ஒரு டாக்டருகூடக் கெடையாது, கைக்குட்டையும் கெடையாது. இப்ப ஒண்ணு இருக்கு. அது போதும்னு ஆண்டவருக்கு நன்றி சொல்லு. இல்லன்னா நாளைக்கு நடனத்துல மைக்க வாங்கி, அந்தக் கைக்குட்டைக் கதைய நான் சொல்லுவேன்… இல்ல, அழாத. சரி. ஆசீர்வாதம்."

போன் வெளியே போனது. கதவு மூடியது.

"எடுத்துட்டேன்!" என்று டெர்லிஸ் கத்தினான். "ஒரு டாக்டர், ஒரு தோன், ஒரே ஒரு செனோன்!"

"அந்த ஒரு செனோன் போதும்," என்றாள் ஞா எலோதியா. "போர்வையப் பிடி, நிமியா. மெழுகுவத்திக்காரங்க வந்துட்டாங்க."

வெளியே பாட்டு கேட்டது. நிமியா அவசரப்பட்டாள். கீழேயிருந்து நீண்ட புதுப் போர்வையை வாங்கினாள், விரித்தாள், மாதாவின் தோளில் சாற்றினாள், ஊசிகளைக் குத்தினாள், கிரீடத்தை வைத்தாள். இறங்கினாள். உடுத்தி முடிந்த பிறகுதான் கால் தரையில் பட்டது. ஞா எலோதியா அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலை தேர் புறப்பட்டது. தென்காற்று கொடியையெல்லாம் கிழித்துவிடும்போல அடித்தது. தூக்குகிறவர்களின் கைகள் சிவந்துபோயின. சங்கீதக்காரர்களின் உதடு குழாயில் ஒட்டிக்கொண்டது. நிமியா கூட்டத்தோடு ஜெபம் சொல்லிக்கொண்டு போனாள். சந்தைமுனையில் காற்று ஒரு திருப்பு திருப்பி மாதாவின் போர்வை விளிம்பைத் தூக்கியது. வெள்ளைக்குக் கீழே இன்னொரு வெள்ளை. போன வருஷத்துச் சரிகை.

நிமியாவின் வாயிலிருந்த அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றது. ஊசி கழற்றத் தூக்கிய கை, டெர்லிசின் கூப்பாடு, செனோன், டாக்டர் டாக்டர் எல்லாம் ஞாபகம் வந்தது. பழையதைக் கழற்றவே இல்லை. உடுத்தியவளுக்கு மேல் இன்னொரு தடவை உடுத்தியிருக்கிறாள். டெர்லிசை எப்படித் திட்டினோம் என்று நினைத்ததும் காதெல்லாம் சூடாகியது.

மற்ற யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு பெண் மட்டும் பக்கத்திலிருந்தவளிடம், "இந்த வருஷம் அம்மா நல்லா பூசினாப்ல இருக்காங்க," என்றாள். டாக்டர் விர்ஹிலியோ, ஒற்றை டாக்டராக, சுற்றுக் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே தலையாட்டினார்.

தேர் கோயிலுக்குள் திரும்பியதும் ஞா எலோதியா நிமியாவின் கையைப் பிடித்துப் பூசை அறைக்குள் இழுத்துப்போனாள். நிமியா மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள்.

"வாய மூடு," என்றாள் கிழவி. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நிமியாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "கீழ நின்னுட்டுத்தானே இருந்தேன், எனக்குக் கண்ணு தெரியாதா? இந்தக் குளிர்காத்துக்கு அம்மா ரெண்டு போர்த்திக்கட்டுமேன்னு நெனச்சேன். அதான் சொல்லலை."

பிறகு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"கழட்டும்போது பாத்துக் கழட்டு. ரெண்டையும் மடிச்சு வெச்சிரு. டெர்லிஸ் கிட்ட மட்டும் சொல்லாத, அவன் தலைவரு கிட்டப் போய்ச் சொல்லிருவான், அப்புறம் அவருக்கும் ரெண்டு வேணும்பாரு."